இல்லத்தில் இயற்கைப் பாடம்

இயற்கைப் பாடம் என்பது செடி கொடிகளையும் பறவை விலங்குகளையும் பற்றிய செய்திகளைத் தொகுத்து ஒப்புவிக்கச் செய்வதன்று. கண்ணெதிரே உள்ள பொருளை நின்று நோக்கவும், நோக்கியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லவும் பிள்ளையைப் பழக்குவதே அதன் நோக்கமாகும். எறும்புக்குக் கால்கள் ஆறு என்று எழுதிப் புள்ளி பெறும் பிள்ளையும் உண்டு. எறும்பொன்றைக் கண்ணாடிக் குவளையால் மூடிவைத்துக் கால்களை எண்ணிப் பார்த்த பிள்ளையும் உண்டு. இருவர் விடையும் ஒன்றே. ஆயினும் மறுநாள் சுவரில் சிலந்தியொன்று ஏறும்போது, இதற்கும் ஆறுதானா என்று எட்டிப் பார்ப்பது இரண்டாம் பிள்ளையே.

இப்பாடத்துக்கு ஏற்ற இடம் பாடசாலையோ இல்லமோ என்பது ஆராயத்தக்கது. பாடசாலையிலே நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கப்படுகின்றது. அந்த நாற்பது நிமிடத்துள் மொட்டு மலராவதில்லை. புழு கூடு கட்டுவதில்லை. நீர் வற்றிப் பெருகுவதில்லை. ஆதலின் ஆசிரியர் படத்தைக் காட்டி விளக்கிச் செல்கின்றார். அவரைக் குறை கூறுதல் முறையன்று. மணி அடித்தால் அடுத்த பாடம் வந்துவிடும். இல்லத்திலோ ஒரே மரத்தை ஒரே பிள்ளை ஆண்டு முழுவதும் காணலாம். காலையிலும் காணலாம், கைவிளக்கோடு இரவிலும் காணலாம். இவ்வசதி ஒன்றே இல்லத்துக்குப் பெரியதோர் உரிமையைக் கொடுக்கின்றது.

இதனை முறைப்படுத்திக் கூறியவர்களுள் ஆங்கில நாட்டுக் கல்வியாளர் சார்ளற் மேசன் (1842–1923) ஒருவர். இல்லக் கல்வி பற்றிய அவருடைய நூல் 1886இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே பெற்றோருக்கான கல்விச் சங்கமொன்றும் அவர் முயற்சியால் எழுந்தது. இளம்பிள்ளைகள் நாள்தோறும் பல மணி நேரம் வெளியில் இருத்தல் வேண்டும் என்பதும், ஒவ்வொரு பிள்ளையும் தன் கண்ணாற் கண்டவற்றைத் தனக்கென ஒரு குறிப்பேட்டில் வரைந்தும் எழுதியும் வைத்தல் வேண்டும் என்பதும் அவர் கொள்கைகள். இங்கிலாந்தின் குளிர்நாட்டுப் பூக்களை வைத்து அவர் எழுதியவற்றுட் பல இந்நாட்டுக்குப் பொருந்தா. ஆயினும் குறிப்பேட்டு முறை எந்நாட்டுக்கும் பொருந்தும்.

கொள்கையினும் எடுத்துக்காட்டு வலிது. பிரான்சு தேசத்திலே பிறந்த ஃபாபர் (1823–1915) வறிய குடும்பத்தவர். ஆரம்ப பாடசாலை ஆசிரியராகத் தொழில் தொடங்கியவர். தாமே படித்துப் பட்டங்களைப் பெற்றவர். 1879இல் செரிஞான் என்னும் சிற்றூரிலே, கல்லும் முள்ளும் மண்டிய தரிசு நிலம் ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். அதுவே அவருக்கு ஆய்வுகூடமாயிற்று. அவருடைய பிள்ளைகளே உதவியாளராயினர். மண்கூடு கட்டும் தேனீக்களைப் பிடித்து, முதுகிற் புள்ளியிட்டு, தொலைவிற் கொண்டுபோய் அவர் பறக்க விட்டபோது, வீட்டிலே கூட்டின் அருகிற் காத்திருந்து எவை எப்போது திரும்பின என்று பார்த்தவள் அவருடைய மகள். பெண் விட்டிற்பூச்சியொன்று கூட்டிலிருந்து வெளிப்பட்ட நாளின் இரவிலே, பறவையளவான ஆண் பூச்சிகள் பல வீட்டினுள் நுழைந்தமையை முதலிற் கண்டு தந்தையைக் கூவி அழைத்தவன் அவருடைய சிறு மகன். பூச்சியியல் வரலாற்றிலே இடம்பெற்ற இந்நிகழ்ச்சிகளுக்கு வேண்டியிருந்தவை ஒரு வீடு, சில பிள்ளைகள், அவசரப்படாத தந்தை ஒருவர், அவ்வளவே.

இலங்கையிலே 2016ஆம் ஆண்டு முதல் கட்டாயக் கல்விக்குரிய வயது 5 முதல் 16 வரை ஆகும். ஆதலின் முழுக் கல்வியையும் வீட்டிலே கொடுக்கும் குடும்பங்கள் மிகச் சில. ஆயினும் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடும் இயற்கைப் பாடத்தைப் பொறுத்தமட்டில் ஒரு பாடசாலையாக இயலும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நோய்த்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இது நன்கு புலனாயிற்று. கைத்தொலைபேசியின் சிறு திரையிலே 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, சுற்றாடலோ யன்னலுக்கு வெளியே பார்ப்பாரற்றுக் கிடந்தது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்களை மூட்டை மூட்டையாக வாங்கிய வீடுகள் பல. முற்றத்து வேம்பு எந்த மாதத்தில் பூக்கின்றது என்று பிள்ளையைக் கேட்ட வீடுகள் மிகச் சில.

இனி, ஊரொன்றை எடுத்து நோக்குதல் நன்று. யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடனீரேரியின் கரையிலே, மேற்கிற் பாசையூரும் கிழக்கில் அரியாலையும் அயலாக அமைந்தது கொழும்புத்துறை. யோகர் சுவாமிகள் (1872–1964) வாழ்ந்த ஊர் என்று பலரும் அறிவர். பழைய துறைமுகமேடையில் நின்று தெற்கே நோக்கினால், நீருக்கு அப்பாற் பூநகரிப் பக்கம் தெரியும். கடலும் வயலும் பனங்கூடலும் வீட்டுத் தோட்டமும் நடந்து செல்லும் தூரத்துள் அடங்கிய இத்தகைய ஊர், இயற்கைப் பாடத்துக்கென்றே வகுத்து வைத்தாற்போன்றது.

ஆயினும் இங்கே ஒரு தடை உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுமையாகவே இடம்பெயர்ந்தனர். அக்காலத்திற் சிறுவராயிருந்தோரே இன்று பெற்றோர். அவர்களுட் பலருக்குக் கரை என்பது முட்கம்பிக்கு அப்பாற்பட்டதொன்றாகவும், பற்றை என்பது மிதிவெடிக்கு அஞ்சி விலகவேண்டியதொன்றாகவும் இருந்தது. காவலரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. பிள்ளைப் பருவத்தில் அலைந்து திரிந்து கற்கவேண்டியவற்றை அவர்கள் கற்க இயலாது போயிற்று. அம்மம்மாவுக்குத் தெரிந்த செடியின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாததைப் பிள்ளை யாரிடம் கேட்கும்? 'எங்களுக்கே ஒன்றும் தெரியாதே, எப்படிக் கற்பிப்பது?' என்று பெற்றோர் கூறுவது சாட்டன்று, உண்மையே.

இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டே மேலே செல்லல் வேண்டும். இயற்கைப் பாடத்திலே பெற்றோரின் அறியாமை பெருந்தடையன்று. விடையை முந்திச் சொல்லும் அவசரமே பெருந்தடை. அமெரிக்க நாட்டிலே 1911இல் இயற்கைப் பாடத்துக்குக் கைந்நூல் எழுதிய அன்னா கொம்ஸ்ரொக் அம்மையாரும், ஆசிரியர் ஒன்றை அறியாதபோது அறியேன் என்று கூறி, பிள்ளையோடு சேர்ந்து தேடுவதே தக்கது என்றார். எல்லாம் அறிந்த தந்தை புழுவைக் கண்டவுடன் வண்ணத்துப்பூச்சி வரைக்கும் சொல்லி முடித்துவிடுவார். அறியாத தந்தை பிள்ளையோடு குந்தியிருந்து பார்ப்பார். பிள்ளைக்கு நல்லாசிரியர் இரண்டாமவரே.

தேசி மரத்தை எடுத்துக்கொள்வோம். கிணற்றடியிலே தேசியோ தோடையோ இல்லாத வீடு அரிது. அதன் இளந்தளிரிலே கடுகளவான, வெளிறிய மஞ்சள் நிற முட்டை தனித்தனியே இடப்பட்டிருக்கும். சில நாளில் வெளிவரும் குடம்பி, கருமையும் வெண்மையும் கலந்து, பறவை எச்சத்தைப் போலத் தோன்றும். தளிரைத் தின்று நான்கு முறை தோல் கழற்றியபின் அது பச்சை நிறம் பெறும். அந்நிலையிலே ஈர்க்கினால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவர்பட்ட கொம்பு போன்ற உறுப்பொன்றை வெளியே நீட்டும். கடுமையான மணம் எழும். பிள்ளை அஞ்சிப் பின்வாங்கும். அப்போதே, எதற்காக இவ்வாறு செய்கின்றது என்று பிள்ளையைக் கேட்கலாம். தன்னை அஞ்சச் செய்தது குருவியையும் அஞ்சச் செய்யும் என்று பெரும்பாலான பிள்ளைகள் தாமே காண்பர்.

வீட்டார் செய்யவேண்டியது சிறிது. குடம்பி இருக்கும் கிளையொன்றை நீர்ப்போத்தலில் இட்டு, மெல்லிய துணியால் மூடி, நாள்தோறும் புதுத்தளிர் வைத்தல் வேண்டும். போத்தலின் வாயைப் பஞ்சால் அடைத்தல் மறக்கலாகாது. அன்றேல் குடம்பி நீருள் விழுந்து மடியும். பிள்ளை ஒவ்வொரு நாளும் நீளத்தை அடிமட்டத்தால் அளந்து திகதியோடு எழுதுதல் வேண்டும். முட்டை முதல் வண்ணத்துப்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். சில வேளை கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வெளிவரும். பிள்ளை அழக்கூடும். அதனை மறைத்தல் ஆகாது; ஓருயிரின் உடலில் மற்றோருயிர் வளர்ந்தமையும் அந்த ஏட்டில் எழுதற்குரியதே. கறிவேப்பிலையிலே காணும் புழுவும் இதே புழுவா என்ற வினா பெரும்பாலும் அடுத்த வாரமே எழும். அதற்கு விடை, அதனையும் வளர்த்துப் பார்த்தலே. வெளிவரும் பூச்சியின் பின்சிறகிலே வால் உண்டா இல்லையா என்று பார்த்தாற் போதும்.

தேசியினும் யாழ்ப்பாணத்துக்கே சிறப்பாக உரியது பனை. ஆவணி, புரட்டாதியிற் பனம்பழம் விழும். பினைந்து பனாட்டுக்குக் களி எடுத்தபின் எஞ்சும் விதைகளைப் பாத்தியிலே அடுக்கி மண் மூடுவது வழக்கம். தை, மாசியிற் கிழங்கு கிண்டுவர். கிழங்கை உண்ணாத பிள்ளை இல்லை. அது எவ்வாறு உண்டாயிற்று என்று கண்ட பிள்ளை அரிது. ஆதலிற் பாத்தியின் ஓரத்திலே பிள்ளைக்கெனப் பத்துப் பன்னிரண்டு விதைகளை ஒதுக்கி, பதினைந்து நாளுக்கொரு முறை ஒன்றைத் தோண்டிப் பார்க்கச் செய்யலாம்.

முதல் விதையைத் தோண்டும்போது பிள்ளை எதிர்பார்ப்பது, அவரைவிதையிற் கண்டதுபோல மேல்நோக்கிய ஒரு தளிரையே. காண்பதோ வேறு. விதை மேலே இருந்த இடத்திலேயே இருக்க, அதிலிருந்து வேர் போன்ற ஒன்று கீழ்நோக்கி இறங்கியிருக்கும். அது வேரன்று, வித்திலையின் காம்பு நீண்டு, முளையத்தை மண்ணின் ஆழத்துக்குச் சுமந்து செல்கின்றது. வறண்ட நிலத்திலே ஈரம் ஆழத்தில் இருப்பதால் மரம் தன் குழந்தையை அங்கே கொண்டுபோய் வைக்கின்றது எனலாம். கீழே கிழங்கு பருக்க, மேலே விதையினுள் இருந்த உணவு குறைந்துகொண்டே போகும். அவ்வுணவை உறிஞ்சும் வித்திலைப் பகுதியே விதையை வெட்டும்போது வெண்மையாய், மென்மையாய்க் காணும் பூரான். பூரானைச் சுவைத்துத் தின்னும் பிள்ளை வித்திலையைத் தின்கின்றது என்று உயர்தர வகுப்புத் தாவரவியல் மாணவருட் பலருக்கும் தோன்றுவதில்லை! பூரான் பெருக்கும்போது விதையின் கெட்டி உணவு எவ்வளவு எஞ்சியது, கிழங்கு எத்தனை சென்ரிமீற்றர் நீண்டது என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வந்தால், ஒன்று தேய ஒன்று வளர்ந்தமை பிள்ளையின் கையெழுத்திலேயே தெரியும்.

கரைக்குச் செல்லுதல் மற்றொரு பாடம். அங்கே தனியே பிள்ளைகளை விடுதல் கூடாது. சேற்றில் திருக்கை முள்ளும், நீரிற் சொறிமுட்டையும், பற்றையிற் பாம்பும் உண்டு. கண்டல் வகைகளோடு கலந்து வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணுக்குக் கேடு செய்யும். முற்றத்து எருக்கலைப் பாலும் அத்தகையதே. இவற்றை முதலிற் காட்டி அடையாளம் அறிவித்த பின்னரே ஏனையவற்றைத் தொட விடல் வேண்டும். வெண்கண்டலின் அடியிலே சேற்றிலிருந்து விரல்கள்போல நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களை எண்ணலாம். அம்மரத்தின் இலையை மரம் இன்னதெனப் பெரியோர் உறுதி செய்தபின் நாவால் தொட்டால் உப்புக் கரிக்கும். வேர் உள்ளே விட்ட உப்பை இலை வெளியேற்றுகின்றது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாளையை எடுத்து நோக்கினால் அதற்கு வேரும் இலையும் இருக்கும். அது பாசியன்று, கடலுக்குள்ளே பூக்கும் செடி. நெய்தல் நிலத்துக்குக் கண்டலையும் தாழையையும் புன்னையையும் உரிமையாக்கிய பழந்தமிழ்ப் புலவர் ஏட்டைப் பார்த்து அவற்றை அறிந்தாரல்லர். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொகுத்த தொண்ணூற்றொன்பது பூக்களை மனனம் செய்விக்கும் தமிழாசிரியர், அவற்றுள் ஒன்பதையேனும் வேலியிற் காட்டினால் இரண்டு பாடம் ஒருங்கே நிறைவேறும்.

கடனீரேரி ஆழங்குறைந்தது, வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவே. கரைச்சேற்றிலே அளவு கீறிய தடியொன்றை நட்டு வைத்தால், பறுவத்திலும் அமாவாசையிலும் நீர் எவ்வளவு ஏறுகின்றது, இடைநாளில் எவ்வளவு என்பது புலனாகும். கணக்கு எப்போதும் ஒத்துவராது. வாடைக் காற்றும் சோளகக் காற்றும் நீரை ஒருபுறம் தள்ளும் என்பதைக் கரையில் வலை காய்த்துக்கொண்டிருக்கும் முதியவரிடம் கேட்டறியலாம். பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து பங்குனி, சித்திரையில் மீளும். முதலில் எந்நாளிற் கண்டோம் என்ற ஒரு வரியே ஆண்டுதோறும் எழுதத்தக்கது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். பறவையின் ஆங்கிலப் பெயரையும் இலத்தீன் பெயரையும் முதலிற் கற்பித்தல் தலைகீழான முறை. யாழ்ப்பாணத்தார் புலுனி என்பதைத் தமிழ்நாட்டார் தவிட்டுக்குருவி என்பர். இரண்டும் நல்ல பெயர்களே. ஊர்ப்பெயர் முதலில் வரட்டும். நூற்பெயர் பின்னர் வரும். பெயர் தெரிந்தவுடன் பார்த்தலை நிறுத்திவிடும் பழக்கம் பெரியோரிடத்தே அதிகம். புலுனி என்று சொல்லிவிட்டு அகலாமல், கூட்டத்தில் எத்தனை, எது காவல் இருக்கின்றது, ஒன்று கத்த மற்றவை என்ன செய்கின்றன என்று பார்த்தல் வேண்டும். குயிலுக்கும் இதே விதி. கரிய குயிலும், புள்ளியிட்ட கபிலநிறக் குயிலும் இரு வேறு பறவைகள் என்று பலரும் எண்ணுவர். நீண்டு கூவுவது கரிய ஆண். பெண்ணின் குரல் குறுகிய கத்தலே. பாடும் குயிலைப் பெண்ணாக்கிய கவிஞர் பலர் மரத்தை அண்ணாந்து பார்த்திருக்கலாம்! காகத்தின் கூட்டருகே இவ்விரு குயில்களும் என்ன செய்கின்றன என்று வீட்டு மாடத்திலிருந்தே பார்க்கும் பிள்ளைக்கு, எது ஆண், எது பெண் என்பது ஒரு பருவத்துள் விளங்கிவிடும். கூட்டைக் கலைத்தல் கூடாது. தொலைவில் நின்று பார்த்தாலே போதும்.

மழையை அளத்தல் எளிதினும் எளிது. வாயும் அடியும் ஒத்த அகலமுள்ள தகரப்பேணி ஒன்றை, கூரை நீர் விழாத வெளியில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் அளந்தால் மில்லிமீற்றரில் மழை கிடைக்கும். யாழ்ப்பாணத்து ஆண்டு மழையின் பெரும்பகுதி மாரியிலேயே பெய்கின்றது. அதே நாட்களில் முடிச்சிட்ட கயிற்றைக் கிணற்றில் இறக்கி நீர்மட்டத்தையும் எழுதினால், மழை பெய்து எத்தனை நாளிற் கிணறு ஏறுகின்றது என்பது தெரியும். ஆறில்லாத குடாநாட்டிலே சுண்ணக்கல் ஊடாக இறங்கிய மழைநீரே உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது என்பதை விளக்க அந்த ஒரு பக்கம் போதும். பங்குனிக்குப் பின் கரையை அண்டிய கிணறுகளில் நீர் சவர்ப்பதேன் என்ற வினாவும் அங்கிருந்தே பிறக்கும்.

இல்லத்தால் எல்லாம் இயலும் என்பது கருத்தன்று. நுணுக்குக்காட்டி வேண்டிய இடத்திற் பாடசாலையே வேண்டும். ஒரு பிள்ளை கண்டதை மற்றொரு பிள்ளை மறுக்கும்போது எழும் தெளிவும் வகுப்பறையிலேயே கிடைப்பது. ஆதலிற் குறிப்பேட்டைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்லவும், ஆசிரியர் அதனைப் புள்ளியிடாது படிக்கவும் இடம் இருந்தால் நன்று. எழுத்துப் பிழையைச் சிவப்பு மையாற் சுழிக்கும் ஆசிரியர் அன்றோடு அக்குறிப்பேட்டை முடித்து வைத்தவராவார். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பர். சில வினாக்களுக்கு உதவும், பலவற்றுக்கு உதவாது. அதனை மறைத்து இப்பாடத்தை விற்க முயலுதல் நேர்மையன்று. வாரத்தில் இரண்டு மாலையை வினாத்தாளிலிருந்து மீட்டுக் கொடுக்கப் பெற்றோர் இசைவரோ என்பதே இங்குள்ள உண்மையான கேள்வி.

சில வினாக்கள் ஓராண்டில் முடிவன அல்ல. பனங்கிழங்குப் பாத்தியில் ஒதுக்கிய பன்னிரண்டு விதைகளுள் ஒன்றைத் தோண்டாது விட்டால் அது வடலியாகும். ஆண்பனையா பெண்பனையா என்று பிள்ளை கேட்கும். பனையிலே ஆண் வேறு, பெண் வேறு. விதையைப் பார்த்தோ வடலியைப் பார்த்தோ அதனை அறிய இயலாது. பூக்கும்போதே தெரியும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டும் ஆகலாம், இருபது ஆண்டும் ஆகலாம். குறிப்பேட்டிலே விதை இட்ட திகதியையும் இடத்தையும் எழுதி, அதன் எதிரே ஒரு வரியை வெறுமையாக விட்டுவைத்தல் வேண்டும்.